கை சூப்புறது, நகம் கடிக்கிறது, தலையை முட்டுறது: குழந்தைங்க இதையெல்லாம் விட நாம எப்படி உதவலாம்

புள்ள கை சூப்புதுன்னா பெரும்பாலான வீட்ல முதல்ல நடக்குறது விரலை வாயிலேர்ந்து புடிச்சு இழுக்குறதுதான். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒண்ணுமே பண்ணாம சும்மா கவனிங்க. தூக்கம் வரும்போது சூப்புதா, டிவி பாக்கும்போதா, வீட்டுக்கு புதுசா யாராவது வந்தாலா, நீங்க வேலைக்கு கெளம்பும்போதா, பசிக்கும்போதா, இல்ல சும்மா போரடிச்சா. ஃபோன்ல ஒரு நோட் ஓப்பன் பண்ணி எத்தனை மணி, எங்க, அதுக்கு கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, இந்த மூணு மட்டும் எழுதி வைங்க. வாரக் கடைசில அதை உக்காந்து படிச்சா உங்களுக்கே புரிஞ்சிரும், "எப்ப பாத்தாலும் வாயில விரல்தான்"னு நாம சொல்லிட்டு இருந்தது பெரும்பாலும் ஒரு ரெண்டு மூணு நேரத்துலதான் நடக்குது.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா அந்த விரல் குழந்தைக்கு ஒரு வேலை செஞ்சு கொடுக்குது. தூங்க வைக்குது, இல்ல பயத்தை அடக்குது, இல்ல போரடிக்கிறதை ஓட்டுது. அந்த வேலையை செய்ய வேற ஒண்ணு கையில கொடுக்காம விரலை மட்டும் புடுங்கினா புள்ள நகத்துக்கு போகும், இல்ல சட்டை காலரை மெல்லும், இல்ல நாம பாக்காத இடத்துல போய் சூப்பும். முதல்ல மாத்து வழி, அப்புறம்தான் பழக்கத்தை எடுக்குறது. இந்த வரிசை மாறினா எவ்ளோ மெனக்கெட்டாலும் நிக்காது.

வயித்துக்குள்ள இருக்கும்போதே விரல் சூப்புற குழந்தைங்க உண்டு, ஸ்கேன்லயே பாக்கலாம். உறிஞ்சுறது பிறவிலேயே வர்ற அனிச்சை செயல், பால் குடிக்க மட்டும் இல்லாம மனசு அமைதியாகவும் குழந்தை அதையேதான் பயன்படுத்துது. முடியை சுருட்டுறது, உக்காந்து முன்னும் பின்னும் ஆடுறது, தூங்குறப்போ தலையை தலையணைல உருட்டுறது எல்லாமே இந்த குடும்பம்தான், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற அசைவு உடம்பை சாந்தப்படுத்துது. தன்னைத்தானே சமாதானப்படுத்திக்க ஒரு சின்ன குழந்தை கண்டுபிடிச்ச வழி அது, அதனால வளர்ப்புல ஏதோ குறைன்னு அம்மாவையோ அப்பாவையோ யாராவது சொன்னா அதை காதுல வாங்காதீங்க.

வயசு கணக்கு ரொம்ப முக்கியம். 2 வயசுக்குள்ள கை சூப்புறதுக்கு ஒண்ணுமே பண்ண வேணாம். பெரும்பாலான குழந்தைங்க 2 வயசுக்கும் 4 வயசுக்கும் நடுவுல தானாவே விட்டுடுவாங்க, பேச்சு வந்துரும், ஓடி விளையாட கை ரெண்டும் தேவைப்படும், கூட விளையாடுற புள்ளைங்க யாரும் சூப்பலைன்னு பாப்பாங்க, அப்படியே குறைஞ்சு போயிரும். 3 வயசுல தூங்குறப்போ மட்டும் சூப்புற குழந்தையை போட்டு படுத்தாதீங்க. 4 தாண்டியும் பகல்லயும் ராத்திரியும் நல்லா அழுத்தி சூப்பினா அப்போ நாம இறங்கி உதவணும்.

காரணம் பல்லுதான். கட்டைவிரல் வாய்க்குள்ள இருக்கும்போது மேல் முன்பல்லை வெளிய தள்ளும், கீழ் முன்பல்லை உள்ள சாய்க்கும், நடுவுல விரல் இருந்த இடத்துல ஒரு இடைவெளி நின்னுரும், பல்லை கடிச்சாலும் மேலயும் கீழயும் சேராது, டென்டிஸ்ட் இதை ஓப்பன் பைட்னு சொல்லுவாங்க. கூடவே உறிஞ்சும்போது ரெண்டு கன்னமும் உள்ள அழுத்துறதால மேலண்ணம் குறுகி பின்பற்கள் தப்பான பக்கத்துல கடிக்க ஆரம்பிக்கலாம். சில குழந்தைங்களுக்கு நாக்கு அந்த இடைவெளி வழியா முன்னாடி வந்து "ஸ" சரியா வராம போகும். எவ்ளோ நேரம் சூப்புறாங்க, எவ்ளோ பலமா சூப்புறாங்க, இது ரெண்டும்தான் பாதிப்பை தீர்மானிக்குது. விரலை சும்மா வாயில வச்சுட்டு இருக்குற குழந்தைக்கும், எடுத்தா "டப்"னு சத்தம் வர்ற அளவுக்கு இழுக்குற குழந்தைக்கும் நிறைய வித்தியாசம். கட்டைவிரலை எடுத்து பாருங்க, தோல் தடிச்சு காய்ப்பு காச்சிருந்தா பலமா சூப்புறாங்கன்னு அர்த்தம். நல்ல விஷயம் என்னன்னா நிலைப்பல் முளைக்க ஆரம்பிக்கிறது கிட்டத்தட்ட 6 வயசுல, அதுக்கு முன்னாடி விட்டுட்டா பால்பல்லுல வந்த கோணல் பெரும்பாலும் தானாவே சரியாகும். அதனால 4 வயசுல ஆரம்பிச்சாலும் அவசரமில்லாம செய்ய உங்களுக்கு நேரம் இருக்கு.

இன்னொரு சின்ன தகவல், நியூசிலாந்துல டுனிடின் நகரத்துல பிறந்த குழந்தைங்களை பல வருஷமா தொடர்ந்து பாத்து 2016-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, சின்ன வயசுல கை சூப்பின, நகம் கடிச்ச பிள்ளைங்களுக்கு 13 வயசுலயும் 32 வயசுலயும் பண்ணின தோல் பரிசோதனைல அலர்ஜி காட்டுறது குறைவா இருந்துச்சு. அதுக்காக சூப்ப விடுங்கன்னு அந்த ஆராய்ச்சியாளர்களே சொல்லல, நானும் சொல்லல, ஆனா விரல் வாயில போச்சுன்னாலே ஏதோ விஷம் போன மாதிரி பதறுறவங்க கொஞ்சம் நிதானமாகலாம்.

இப்ப என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்லிடறேன், ஏன்னா அதிக சேதம் இங்கதான் நடக்குது. அடிக்கிறது, கையை கட்டி போடுறது, காரமா எரியுற எதையாவது விரல்ல தடவுறது (அதே கையால கண்ணை தேச்சா என்ன ஆகும்னு யோசிங்க), மத்தவங்க முன்னாடி "இவ்ளோ பெருசாயிட்டான் இன்னும் பாப்பா மாதிரி கை சூப்புறான் பாருங்க"ன்னு சிரிக்கிறது, இதெல்லாம் வேணவே வேணாம். கடைசில சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. புள்ளைக்கு அவமானமா இருக்கும், அவமானம் வந்தா மனசு பதறும், மனசு பதறினா அதை ஆத்த அதுக்கு தெரிஞ்ச ஒரே வழி அந்த விரல்தான். நாமளே பழக்கத்துக்கு தீனி போடுறோம். வீட்ல தாத்தா பாட்டி, சித்தி, மாமா யாரு இருந்தாலும் தனியா கூப்பிட்டு "இன்னும் கொஞ்ச நாளைக்கு அவன் கை சூப்புறதை பத்தி யாரும் ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்"னு சொல்லி வச்சிருங்க. ஒருத்தர் கண்டுக்காம விட்டு இன்னொருத்தர் திட்டினா ஒண்ணும் உருப்படாது.

எப்ப ஆரம்பிக்கிறதுங்கிறதும் முக்கியம். வீட்ல புது பாப்பா வந்திருக்கு, வீடு மாறுறீங்க, ஸ்கூல்ல சேத்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, காய்ச்சல் வந்து இப்பதான் எழுந்திருக்கு, இந்த மாதிரி நேரத்துல கையே வைக்காதீங்க, அப்பதான் புள்ளைக்கு அது அதிகமா தேவைப்படும். பெருசா எந்த மாற்றமும் இல்லாத ஒரு ரெண்டு மாசத்தை பாத்து ஆரம்பிங்க.

சரி, அந்த நோட்டுக்கு வருவோம். உங்க லிஸ்ட்ல போரடிக்கும்போதுன்னு நிறைய இருந்தா இதுதான் சுலபமானது, கைக்கு வேலை கொடுக்கணும் அவ்ளோதான். களிமண், கோக்குற மணி, ஒட்டுற காகிதம், தண்ணில விளையாடுறது, உங்ககூட துணி மடிக்கிறது, எது ரெண்டு கையையும் புடிச்சு வைக்குமோ அது. மணி, பட்டன் மாதிரி சின்ன சாமான் 3 வயசுக்கு கீழ இருக்குற குழந்தைகிட்ட கொடுக்காதீங்க, தொண்டைல மாட்டும். டிவி பாக்கும்போது, கார்ல உக்காந்திருக்கும்போது சூப்பினா திரை நேரத்தை குறைக்கிறதே பாதி வைத்தியம், மீதிக்கு கையில அழுத்தி விளையாட ஒரு மெத்துன பந்து கொடுங்க. "கையை எடு"ன்னு சொல்றதுக்கு பதிலா "இந்தா இதை கொஞ்சம் புடி"ன்னு ஏதாவது நீட்டுங்க, விரல் தானா வெளிய வந்துரும், ஒரு சண்டை மிச்சம்.

பயமோ பதட்டமோ காரணமா இருந்தா கொஞ்சம் மெதுவா போகணும். அந்த வயசுல "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்ல வார்த்தை இருக்காது, அதனால நாம சொல்லிக் கொடுக்கணும், "புது இடமா இருக்குல்ல, ஒரு மாதிரி இருக்கா? வா என் கையை புடிச்சுக்கோ". கட்டிப்புடிச்சுக்கிறது, முதுகை தடவுறது, சோப்பு நுரை ஊதுற மாதிரி மெதுவா மூச்சு விடுறது, ரெண்டு கையையும் சேத்து இறுக்கி புடிச்சு மெதுவா விடுறது, இதையெல்லாம் புள்ள நல்லா சந்தோஷமா இருக்குற நேரத்துல விளையாட்டா பழக்குங்க. அழுதுட்டு இருக்கும்போது புதுசா சொல்லிக் கொடுத்தா எதுவும் ஏறாது. களைப்புல சூப்பினா ராத்திரி தூக்கத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளிப் பாருங்க, நிறைய வீட்ல இந்த ஒண்ணே பெரிய மாற்றம் கொடுக்கும்.

4 வயசு தாண்டின குழந்தைன்னா அதுகூட பேசி கூட்டு சேத்துக்கோங்க. கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு பல்லை காமிங்க, "இங்க பாரு, பெரிய பல்லு வரப்போகுது, அது நேரா வரணும்னா விரல் வழியை மறைக்கக்கூடாது, நாம ரெண்டு பேரும் சேந்து பாக்கலாமா?"ன்னு கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு கேளுங்க. குழந்தைக்கே விடணும்னு தோணாதவரைக்கும் நீங்க பின்னாடியே ஓடிட்டுதான் இருக்கணும். சரின்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசிய சைகை வச்சுக்கோங்க, நீங்க காதை தொட்டா அது விரலை எடுக்கணும், அவ்ளோதான், மத்தவங்க முன்னாடி பேச்சே வேணாம்.

அப்புறம் இடத்தை சுருக்குங்க. முதல்ல "வெளிய போனா இல்ல, வீட்ல மட்டும்". அது பழகினதும் "ஹால்ல இல்ல, கட்டில்ல மட்டும்". சூப்பணும்னு தோணினா தாராளமா போய் கட்டில்ல படுத்து சூப்பிட்டு வரட்டும், திட்டே கிடையாது. விளையாட்டை விட்டுட்டு எழுந்து போகணுமேன்னு யோசிச்சே பல குழந்தைங்க குறைச்சிடுவாங்க. ஸ்டிக்கர் சார்ட் வைக்கிறதா இருந்தா ஒரு நாள் முழுக்க சூப்பாம இருந்தா ஸ்டிக்கர்னு வைக்காதீங்க, அது 4 வயசு புள்ளைக்கு மலை மாதிரி, கண்டிப்பா தோத்துப் போகும். கதை கேக்குற நேரம், கார்ல போற நேரம், இப்படி சின்னச் சின்ன துண்டா வைங்க, முதல் நாளே ஒண்ணாவது ஒட்டணும். ஒட்டின ஸ்டிக்கரை எக்காரணம் கொண்டும் திரும்ப புடுங்காதீங்க. பாராட்டும்போதும் சும்மா "குட் பாய்"னு சொல்லாம "கதை முடியுற வரைக்கும் பொம்மையை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தே, நான் பாத்தேன்"னு என்ன பண்ணிச்சோ அதை சொல்லுங்க.

ராத்திரிதான் கடைசில போகும், அதுக்கு பொறுமை வேணும். தூக்கத்துல விரல் வாய்க்கு போறது புள்ளைக்கே தெரியாது, அதுக்கு போய் காலைல கோவப்படுறதுல அர்த்தமே இல்ல. தூங்க வைக்கிற நேரத்தை நீட்டுங்க, வெளிச்சம் குறைச்சு, கதை, தாலாட்டு, முதுகுல மெதுவா தட்டுறது, ரெண்டு கையும் கட்டிப்புடிக்கிற அளவுக்கு ஒரு பொம்மை. விரல்ல ஒரு பேண்டேஜ் சுத்துறது, கைக்கு மெல்லிசா ஒரு சாக்ஸ் இல்ல க்ளவுஸ் போடுறது, இதெல்லாம் ஞாபகப்படுத்த உதவும், ஆனா 4 தாண்டின குழந்தை தானே "போட்டு விடு"ன்னு கேட்டு போடணும், பேண்டேஜ் எதை போடணும்னு அதுவே செலக்ட் பண்ணட்டும். தண்டனையா போட்டா ரெண்டாவது நாளே கழட்டி எறியும். மருந்துக்கடைல விக்கிற கசப்பு திரவமும் அப்படித்தான், டாக்டர்கிட்ட கேட்டுட்டு, குழந்தை சம்மதிச்சா ஒரு நினைவூட்டலா தடவலாம், தூங்கும்போது தெரியாம தடவி வைக்கிறது நம்பிக்கையை கெடுத்துரும்.

சூப்பான், அதாவது பாசிஃபையர் வச்சிருக்குறவங்களுக்கு ஒரு வசதி, அது நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு, விரல் மாதிரி உடம்போட ஒட்டிக்கிட்டு வராது. முதல் ஒரு வருஷம் தூங்கும்போது சூப்பான் கொடுக்குறது திடீர் சிசு மரண ஆபத்தை குறைக்குதுன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்லுது, அதனால கைக்குழந்தைகிட்ட இருந்து அவசரமா புடுங்க வேணாம். ஆனா 6 மாசத்துக்கு மேல நடுக்காதுல தொற்று வர்றதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு, அடிக்கடி காது வலி வர்ற குழந்தைக்கு முழிச்சிருக்கும்போது கொடுக்குறதை அப்பவே குறைக்க ஆரம்பிங்க. முதல்ல விளையாடுற நேரத்துல நிறுத்துங்க, அப்புறம் பகல் தூக்கம், கடைசில ராத்திரி, 2-3 வயசுக்குள்ள முடிச்சுட்டா நல்லது. சில பேர் ஒரே நாள்ல நிறுத்திடுவாங்க, ரெண்டு மூணு ராத்திரி அழுகை இருக்கும், அதுவும் தப்பில்ல, ஆனா நிறுத்திட்டு அழுதா திரும்ப கொடுக்குறதுதான் மோசம், அழுதா கிடைக்கும்னு நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிரும். நுனியை கத்தரிச்சு விட்டா தானா விட்டுரும்னு ஒரு ஐடியா சுத்திட்டு இருக்கு, பண்ணாதீங்க, வெட்டின ரப்பர் துண்டு பிஞ்சு தொண்டைல அடைக்கும். கழுத்துல கயிறு கட்டி மாட்டாதீங்க, இனிப்புல தொட்டு கொடுக்காதீங்க, பல் சொத்தையாகும், 1 வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது.

பழைய போர்வை, பொம்மையை விடாம வச்சிருக்குறதை இதோட சேத்து கெட்ட பழக்கம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடே இல்ல. டொனால்ட் வினிகாட்னு ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், மனநல ஆய்வாளரும்கூட, 1950-கள்லயே இதைப் பத்தி எழுதியிருக்கார், அம்மா பக்கத்துல இல்லாத நேரத்தை தாங்க குழந்தைக்கு அந்த பொருள் ஒரு பாலம்னு. கை சூப்புற பழக்கத்தை நிறுத்தவே அது நமக்கு துணைதான். துவைச்சுட்டே இருங்க, முடிஞ்சா ஒரே மாதிரி ரெண்டு வாங்கி மாத்தி மாத்தி கொடுங்க, வெளிய கொண்டு போக கஷ்டமா இருந்தா அந்த போர்வைலயே கைக்குட்டை அளவு ஒரு துண்டு வெட்டி பைல போட்டு விடுங்க. 1 வயசுக்குள்ள மட்டும் தூங்குற இடத்துல போர்வை, பொம்மை எதுவும் வைக்கக்கூடாது, மூச்சு முட்டுற ஆபத்து.

முடியை சுருட்டிக்கிட்டே கை சூப்புற குழந்தைங்க நிறைய, கை சூப்புறது நின்னா இதுவும் பெரும்பாலும் கூடவே நின்னுரும், அதுவரைக்கும் முடியை குட்டையா வெட்டி விடலாம், தடவ மெத்துன துணி கொடுக்கலாம். சுருட்டுறது புடுங்குறதா மாறி அங்கங்க வழுக்கை தெரிஞ்சாலோ, புடுங்குன முடியை முழுங்கினாலோ டாக்டர்கிட்ட போகணும், முழுங்குன முடி வயித்துல உருண்டையா சேந்து அடைக்கலாம்.

தலையை கட்டில்ல முட்டுறதை பாத்தா பெத்தவங்களுக்கு நெஞ்சே நின்னுரும், புரியுது. இது பெரும்பாலும் 6-லேர்ந்து 9 மாசத்துல ஆரம்பிச்சு 3-4 வயசுக்குள்ள போயிரும், தூங்குறதுக்கு முன்னாடி ஒரே தாளத்துல வரும், நல்லா வளந்துட்டு இருக்குற குழந்தை தனக்கு காயம் ஆகுற அளவுக்கு முட்டிக்கிறது அபூர்வம். கட்டில் ஸ்க்ரூவை டைட் பண்ணி சுவத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி போடுங்க, சுத்தி தலையணை அடுக்காதீங்க, அது கைக்குழந்தைக்கு மூச்சு ஆபத்து. பகல்ல ஊஞ்சல், தூக்கி ஆட்டுறது, பாட்டுக்கு குதிக்கிறது இதெல்லாம் நிறைய கொடுங்க, அந்த தாளத்தோட தேவை அங்கயே தீரும். திடீர்னு புதுசா முட்ட ஆரம்பிச்சு கூடவே காதை புடிச்சு இழுத்தா காது வலியா இருக்கலாம். பேச்சு வரல, கூப்பிட்டா திரும்பல, யாரோடயும் ஒட்டலன்னா முட்டுறதை விட அதுக்காகத்தான் டாக்டரை உடனே பாக்கணும்.

நகம் கடிக்கிறது கொஞ்சம் பெரிய பிள்ளைங்க விஷயம், 3-4 வயசுக்கு மேலதான் வரும், ஸ்கூல் போற வயசுல கூடும். நகத்தை சின்னதா வெட்டி, பிசிறு இல்லாம தேச்சு விடுங்க, பிசிறு கையில தட்டினாதான் வாய்க்கு போகும். நகத்தை சுத்தி சிவந்து வீங்கினா தொற்று, ஆசனவாய்ல அரிப்புன்னா கீரிப்பூச்சி இருக்கான்னு பாருங்க, நக இடுக்குல இருக்குற முட்டை வாய் வழியா திரும்பத் திரும்ப உள்ள போகும். நகம் கடிக்கிறதை நிறுத்த நல்லா வேலை செய்யுற வழி 1973-ல நேதன் ஆஸ்ரின், கிரெகரி நன்னுனு ரெண்டு உளவியலாளர்கள் சொன்னது. முதல்ல கை வாய்க்கு போறதை குழந்தையே கவனிக்க கத்துக்கணும், கவனிச்சதும் அந்த பழக்கத்தை செய்ய முடியாத மாதிரி வேற ஒண்ணு செய்யணும், உதாரணத்துக்கு கையை முஷ்டியா மடக்கி ஒண்ணு ரெண்டு நிமிஷம் வச்சிருக்கணும், இல்ல பென்சிலை இறுக்கி புடிக்கணும். 6-7 வயசுக்கு மேல இது நல்லா வரும், சின்னதுக்கு விளையாட்டா "ஆமை கை உள்ள போயிருச்சு"ன்னு சொல்லி பழக்கலாம். வீட்ல பெரியவங்க யாராவது நகம் கடிச்சா அவங்களும் சேந்து விடுங்க, புள்ள பாத்துட்டுதான் இருக்கு.

நல்லா விட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஆரம்பிக்கும், காய்ச்சல் வந்தா, ஊருக்கு போயிட்டு வந்தா, ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொன்னா. இது சகஜம், "அச்சச்சோ எல்லாம் போச்சு"ன்னு முகத்தை தொங்கப் போடாதீங்க. பழைய ரகசிய சைகை, அந்த பந்து, நீட்டின தூக்க நேரம், அதையே திரும்ப எடுங்க, ரெண்டாவது தடவை சீக்கிரம் குறையும்.

இவ்ளோவும் பண்ணி 5 வயசு தாண்டியும் பகல் ராத்திரி பலமா சூப்பினா, இல்ல அதுக்கு முன்னாடியே முன்பல் நகர்றது கண்ணுக்கு தெரிஞ்சா குழந்தைங்க டென்டிஸ்ட்டை பாருங்க. நாம நூறு தடவை சொன்னது டாக்டர் ஒரு தடவை சொன்னா ஏறும், அது ஒரு பக்கம். தேவைப்பட்டா மேலண்ணத்துல விரல் சுகமா படியாத மாதிரி ஒரு சின்ன கம்பி வைப்பாங்க, அது மத்த எல்லாம் பாத்த பிறகு, நிலைப்பல் வர்ற வயசுல, குழந்தை சம்மதத்தோட செய்யுறது. மண், சாக்பீஸ், சுண்ணாம்பு மாதிரி சாப்பிடக்கூடாததை தேடி தேடி சாப்பிடுற குழந்தைக்கு இந்த ஸ்டிக்கர் வழியெல்லாம் வேணாம், ரத்தத்துல இரும்புச்சத்தும் ஈயமும் எவ்ளோ இருக்குன்னு முதல்ல டெஸ்ட் எடுங்க. என்னைக்கோ விட்டுட்ட பழக்கம் காரணமே தெரியாம திடீர்னு திரும்பி வந்து, கூடவே தூக்கம் கெட்டு, ஒரு ஆளை பாத்தா இல்ல ஒரு இடத்துக்கு போகணும்னா புள்ள மிரண்டா, விரலை விட்டுட்டு அங்க என்ன நடக்குதுன்னு விசாரிங்க, புள்ள சொல்றதை நடுவுல குறுக்கிடாம கேளுங்க, தேவைப்பட்டா அன்னைக்கே அந்த இடத்துக்கு அனுப்புறதை நிறுத்துங்க.